பதவுரையிலிருந்து பொழிப்புரைக்கு: அம்பாறைப் பன்சலையொன்றில் நடந்த ஆங்கில வகுப்பு

இளம் பிக்குமாருக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நாம் முதலில் தேடுவது ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் புத்தகத்தைத்தான். அம்பாறை நகரம் முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்திலுள்ள ஒரு பன்சலையிலும் (பௌத்த விகாரை) முதலில் அப்படித்தான் செய்தார்கள். அது சரிவரவில்லை. பிறகு அதே பிக்குமார் வேறொரு வழியில் படித்து, தாங்கள் அன்றாடம் ஓதும் சூத்திரங்களை ஆங்கிலத்தில் எழுதவும் வருகிறவர்களுக்கு விளக்கவும் பழகினார்கள். அந்த இரண்டாவது வகுப்பைப் படிப்பித்தவள் நான். ஊர் காரைதீவு, அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்படியொரு வகுப்பை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். துறவிகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பவர் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த உரையிலிருந்து தொடங்க வேண்டும். பொருள் அவர்களிடம் இருக்கிறது, மொழி மட்டும்தான் புதிது. பொருளையும் மொழியையும் ஒன்றாகப் புதிதாகக் கொடுத்தால் இரண்டிலும் அவர்கள் தொடக்கக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

கேட்டது என்ன

பன்சலையின் மூத்த தேரர், அங்குள்ளவர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னால் லொக்கு ஹாமுதுருவோ, என்னிடம் இரண்டு தேவைகளைச் சொன்னார். அவருடைய குரு காலமாகிவிட்டார். அவர் சிங்களத்தில் செய்த உபதேசங்கள் கொப்பிகளில் எழுதிக் கிடக்கின்றன. அந்த ஊரிலிருந்து இத்தாலிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சிங்களம் வாசிக்க வராது. அவர்களுக்காக அந்த உபதேசங்கள் ஆங்கிலத்தில் வர வேண்டும். இது எழுத்து வேலை.

மற்றது பேச்சு வேலை. அறுகம்பையில் அலைச்சறுக்கும் காலத்தில் வெளிநாட்டவர்கள் பொத்துவிலில் வந்து தங்குவார்கள். அவர்களில் சிலர் இங்கினியாகல, கல்லோயா பூங்கா என்று உள்நாட்டுப் பக்கமும் வருவார்கள். புத்தங்கல, தீகவாபி பார்த்துவிட்டு வழியில் கிடைக்கும் பன்சலைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். கேள்விகள் கேட்பார்கள். இளைய பிக்குமார் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். பதில் தெரியாமல் இல்லை. சிங்களத்தில் கேட்டால் ஒரு மணித்தியாலம் விளக்கக்கூடியவர்கள்தான் அவர்கள்.

படிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பன்சலையோடு சேர்ந்த பிரிவெனாவின், அதாவது பிக்குமார் படிக்கும் பாடசாலையின், மாணவர்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் சில பிக்குமார் வந்தார்கள். அப்புறம் ஓர் ஆராமையிலிருந்து சில்மாதாமார், அதாவது பௌத்தப் பெண் துறவிகள், இருவர். பௌத்த நூல்களின் மொழியான பாளியும் சமஸ்கிருதமும் சின்ன வயதிலிருந்தே படித்தவர்கள். பிரிவெனாப் பாடத்திட்டத்தில் ஆங்கிலமும் ஒரு பாடம்தான், ஆனால் இந்தப் பிரிவெனாவில் ஆங்கில ஆசிரியர் நிலைத்து நின்றதில்லை. ஒருவருக்கு ஆங்கில எழுத்துகளே தட்டுத்தடுமாறித்தான் வரும். அவரே பாளி இலக்கணத்தில் மற்ற எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுப்பவர். வகுப்பு பிழைத்ததற்கு இவரைப் போன்றவர்கள்தான் காரணம்.

எங்கள் பக்கத்துக் கேள்வி

காரைதீவிலிருந்து அம்பாறைக்கு சம்மாந்துறை வழியாகப் போக வேண்டும். நான் பன்சலைக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். "உங்களுக்கு வேற வேலையில்லையா டீச்சர்?" என்று என்னிடம் படித்தவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்பாறை மாவட்டத்தில் காணி, தொல்லியல், விகாரை என்றால் தமிழரும் முஸ்லிம்களும் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. 1990 ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டதை எங்கள் பகுதி மறக்கவில்லை. வீரமுனை நான் போகும் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது.

சிங்களவர் பக்கத்திலும் மறக்காத நாள் உண்டு. 1987 யூன் 2 அன்று அரந்தலாவையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிக்குமார் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் இளம் சாமணேரர் (பயிற்சித் துறவிகள்). இன்று என்னிடம் படிப்பவர்களின் வயதுதான் அவர்களுக்கும்.

இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே போனேன். பயம் இருக்கிற இடத்தில் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று இருப்பது நல்லது என்பது என் எண்ணம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. காகிதத்தில் இணைத்தது போதாது, ஆட்கள் உட்கார்ந்து பேசினால்தான் அது இணைப்பு. என் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகளும் ஒரு துறவிதான். இராமகிருஷ்ண மடத்தின் தமிழ்ச் சஞ்சிகைக்கும் ஆங்கிலச் சஞ்சிகைக்கும் ஆசிரியராக இருந்தவர். துறவிக்கு எதற்கு ஆங்கிலம் என்று காரைதீவில் யாரும் கேட்கக்கூடாது என்று ஊரவர்களிடம் சொன்னேன். அதற்குப் பிறகு கேள்விகள் கொஞ்சம் குறைந்தன.

இங்கிருந்து போன ஆங்கிலம்

ஆங்கிலத்தில் பௌத்தம் என்று உலகம் வாசிப்பதில் பெரும்பகுதிக்கு இலங்கையோடு தொடர்பு இருக்கிறது. 1881இல் லண்டனில் பாளி நூற் கழகத்தைத் தொடங்கிய ரைஸ் டேவிட்ஸ் முன்பு இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்தவர். பாளியை அவர் கற்றதும் இங்கேதான். 1911இல் தொடந்துவையில் தீவு ஆசிரமத்தை அமைத்த ஞானதிலோக்க தேரர் ஜெர்மானியர். 1958இல் கண்டியில் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சபைக்கு நெடுங்காலம் ஆசிரியராக இருந்த பிக்கு போதி அமெரிக்கர். அவர் செய்த பெரிய நிகாய (புத்தரின் சூத்திரத் தொகுதி) மொழிபெயர்ப்புகள் 1995, 2000, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நாரத தேரர், வல்பொல ராகுல தேரர் போன்று இந்த நாட்டிலேயே பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கிராமத்துப் பிரிவெனாவில் பாளியிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடத்துக்குப் போகும் பாதை திறந்திருக்கவில்லை. வெளிநாட்டவர் பாளி படித்து மொழிபெயர்த்தார்கள். பாளி படித்த நம் நாட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

முந்தைய வகுப்பு ஏன் நின்றது

எனக்கு முன்பு நகரத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்து சில மாதங்கள் படிப்பித்திருந்தார். அவர் பயன்படுத்திய புத்தகம் எல்லோரும் பயன்படுத்துவதுதான். கடையில் சட்டை வாங்குவது, நண்பனோடு படத்துக்குப் போவது, இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு சாப்பிடுவது என்று உரையாடல்கள். பிக்குமார் அதைச் சொல்லத் தயங்கினார்கள். ஆசிரியர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாராம்.

கூச்சத்தைவிட ஆழமான காரணம் ஒன்று இருந்தது. மதியத்துக்குப் பிறகு உண்ணாத ஒருவர் 'நான் இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுகிறேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சிக்குத்தானே என்று நாம் நினைப்போம். பொய் சொல்லாமை அவர்களுக்குத் தினமும் எடுக்கும் சீலம். ஒரு சாமணேரர் என்னிடம் இதைச் சொன்னபோது குரலில் குறை இல்லை, இது ஏன் மற்றவர்களுக்குப் புரியவில்லை என்ற வியப்புத்தான் இருந்தது. அதன்பின் என் வகுப்பில் ஒரு விதி வைத்தேன்: 'நான்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் சொல்பவரைப் பொறுத்தவரை உண்மையாக இருக்க வேண்டும். விதி சின்னது. வாக்கியங்களின் எண்ணிக்கை குறைந்தது, அவை வாயில் தங்கின.

இருக்கையும் நேரமும்

பெண்ணொருவர் பிக்குமாருக்குப் படிப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கொப்பியைக் கையோடு கை கொடுக்கக் கூடாது. மேசையில் வைப்பேன், எடுத்துக்கொள்வார்கள். பன்சலைக்கு உதவும் ஊரவர்களின் தாயக சபையைச் சேர்ந்த ஐயா ஒருவர் எப்போதும் மண்டபத்தில் இருப்பார். நான் "ஹாமுதுருவனே" என்று அழைப்பேன், அவர்கள் "டீச்சர்" என்பார்கள். இதெல்லாம் முதல் நாளே பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. பாடசாலையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்றால் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துப் பேசச் சொல்வோம், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். வினயம் என்னும் துறவிகளின் ஒழுக்க நூலிலுள்ள சேகிய விதிகளின்படி, நோயாளி அல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்க பிக்கு நின்றுகொண்டு தர்மம் சொல்லக் கூடாது. கேட்பவர் உயர்ந்த இருக்கையில் இருந்தாலும் கூடாது. இந்தக் காலத்தில் பலர் மேடையில் நின்றபடியே உபதேசம் செய்கிறார்கள்தான். இந்தப் பன்சலையில் விதியைக் கடைப்பிடித்தார்கள். ஆகவே பேச்சுப் பயிற்சி நேரத்தில் மண்டபமே மாறிவிடும். பேசுகிற பிக்கு வெள்ளைத்துணி விரித்த ஆசனத்தில் அமர்வார், நான் கீழே பாயில் உட்காருவேன். என் பலகையும் வெண்கட்டியும் தூரத்தில் நிற்கும். நடுவில் எழுந்து திருத்த முடியாது. பேச்சு முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இது எனக்கு நல்ல பாடமாக அமைந்தது, ஏனென்றால் குறுக்கே திருத்தாதபோதுதான் அவர்கள் முழு எண்ணத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய் முடித்தார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, மதிய தானம் (உணவு) முடிந்து சற்று ஓய்வெடுத்த பிறகுதான் வகுப்பு. போயா (பௌர்ணமி) நாட்களில் இல்லை. ஊரில் ஒரு சாவு நடந்தால் பாதிப்பேர் பான்ஸுகூலம் என்னும் இறுதிச் சடங்குக்குப் போய்விடுவார்கள். இரவு முழுக்கப் பிரித் (காப்புச் சூத்திரங்கள்) ஓதினால் மறுநாள் கண் திறக்காது. எனவே ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் அடுத்த பாடத்தில் தொலைந்துபோகாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்தேன். யூலையிலிருந்து ஒக்டோபர் வரையான வஸ் என்னும் மழைக்கால தங்கல்தான் மிகவும் கைகொடுத்தது. அந்த மாதங்களில் அவர்கள் ஓரிடத்தில் தங்கியிருப்பதால் வருகை ஒழுங்காக இருக்கும். வஸ் முடிவில் சீவரம் அளிக்கும் கட்டின பூசைக்கு ஆயத்தம் தொடங்கியதும் மறுபடி குறையும்.

கரணீய மெத்த சூத்திரம்

அடிப்படைப் பாடமாக எடுத்துக்கொண்டது இந்தச் சூத்திரம். பத்துச் செய்யுள். பிரித் ஓதும் எல்லோருக்கும் மனப்பாடம். அன்பைப் பற்றியது என்பதால் யாருக்கும் சொல்லத் தக்கது.

பிரிவெனாவில் பாளியைச் சன்னம் வைத்துப் படிப்பார்கள். சன்னம் என்றால் பாளிச் சொல், அதற்குப் பக்கத்திலேயே சிங்களப் பொருள், பிறகு அடுத்த சொல். நம் பழைய நூல்களில் வரும் பதவுரையேதான். பிக்குமாரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னபோது அவர்கள் எழுதியதும் பதவுரைதான். தாயைப் பற்றிய செய்யுளில் 'மாதா யதா நியம் புத்தம் ஆயுஸா ஏகபுத்தம் அனுரக்கே' என்று வரும். ஒருவர் அதை 'மதர் – அஸ் – ஓன் – சன் – வித் லைஃப் – ஒன்லி சன் – ப்ரொடெக்ட்' என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு சொல்லும் தப்பில்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இதைப் பிழை என்று நான் சிவப்புப் பேனையால் கீறவில்லை. கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். முதல் பகுதியில் பதவுரை, அவர் எழுதியபடியே. இரண்டாவதில் பொழிப்புரை, ஆங்கிலத்துக்கேற்ற சொல்லொழுங்கில். மூன்றாவதில் எதிரே இருக்கும் ஆளுக்கு வாயால் சொல்வதென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்பது. மூன்றும் மூன்று வேலை. பதவுரை இல்லாமல் நேராகப் பொழிப்புரைக்குப் போனவர்கள் பாளியில் இல்லாததையும் சேர்த்துவிட்டார்கள். பொழிப்புரையை அப்படியே வாயால் ஒப்புவித்தவர்களைக் கேட்டவர்கள் தூங்கினார்கள்.

இரண்டாம் பகுதிக்கு ஏறுவதற்கு நான் தேடிய படிகள் பாளியிலேயே கிடைத்தன. சிங்களத்திலும் தமிழைப் போலவே 'நேற்று வந்த பிக்கு' என்று அடைமொழி முன்னால் வரும். ஆங்கிலத்தில் பிக்குவைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் 'ஹூ' போட்டு நேற்று வந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பாளியில் 'யோ... ஸோ' என்றொரு அமைப்பு இருக்கிறது: எவன் இப்படிச் செய்கிறானோ அவன். நான் பலகையில் 'யோ'வுக்குக் கீழே 'ஹூ' என்று எழுதியதும், பாளி நன்றாகத் தெரிந்த அந்த ஆங்கிலம் வராத பிக்கு முன்னால் சாய்ந்தார். அடுத்த வகுப்புக்கு 'ஹூ' வைத்து ஒரு பக்கம் நிறைய வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார்கள்.

'ஹொந்து', 'பவந்து' என்று வரும் இடங்களும் அப்படித்தான். எல்லா உயிர்களும் இன்புற்று இருக்கட்டும் என்ற வாழ்த்து. நமக்கு வியங்கோள் வினை, 'வாழ்க' என்கிற மாதிரி. சிங்களத்தில் 'வேவா'. ஆங்கிலத்தில் 'மே' என்று முன்னால் வைக்க வேண்டும். பாடசாலையில் 'மே' என்றால் அனுமதி கேட்பது என்று மட்டும் படித்திருந்தவர்களுக்கு, தாங்கள் தினமும் சொல்லும் 'வேவா'தான் இது என்று தெரிந்ததும் அது தடையில்லாமல் வாயில் வந்தது. 'தி', 'எ' வேறுபாடும் நான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. சிங்களத்தில் 'பொத' என்றால் குறிப்பிட்ட புத்தகம், 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். தமிழில் 'ஒரு' உண்டு, 'தி'க்கு நிகர் இல்லை. அதனால் இந்த இடத்தில் பிக்குமார் என் ஊர்ப் பிள்ளைகளைவிட வேகமாக ஓடினார்கள்.

உச்சரிப்புக்குத் தனிப் பாடம் தேவைப்படவில்லை. எண்வழி மார்க்கத்தை ஆங்கிலத்தில் சொல்ல வைத்தாலே போதும், சிங்களம் பேசுகிறவருக்கு வரும் சிக்கல் எல்லாம் அதில் இருக்கிறது. 'ஸ்பீச்' என்பது 'இஸ்பீச்' ஆகும், நம்மிடமும் அது உண்டு. 'எஃபர்ட்', 'மைண்ட்ஃபுல்னெஸ்' இரண்டிலும் எஃப் வரும் இடத்தில் ப வந்து நிற்கும். 'வியூ', 'லைவ்லிஹுட்' இரண்டிலும் உதட்டைப் பல்லில் வைக்க வேண்டும். தினமும் வகுப்புத் தொடங்கும்போது எட்டையும் எல்லோரும் சேர்ந்து ஓதுவோம். ஓதுவது அவர்களுக்குக் கைவந்த கலை. முதல்தரம் ராகமும் சேர்ந்தே வந்தது. அதை விட்டுவிட்டேன், ராகத்தோடு பழகிய ஒலி பேச்சிலும் வந்தது.

சொற்கொப்பி

எழுத்து வேலையில் அதிக நேரம் போனது கலைச்சொல்லுக்குத்தான். ஒரே உபதேசத்தை மூன்று பேர் பிரித்து மொழிபெயர்த்தபோது ஒரே பாளிச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலம் வந்தது. வாசிக்கிறவர் மூன்று வேறு விஷயம் என்று நினைப்பார். ஆகவே பொதுவாக ஒரு பெரிய கொப்பி வைத்தோம். பாளிச் சொல், எங்கே வந்தது, என்ன ஆங்கிலம் தீர்மானித்தோம், யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்கு நிரல். கடைசி நிரலை வைக்கச் சொன்னவர் லொக்கு ஹாமுதுருவோ. கருத்து வேறுபாட்டை அழிக்கக் கூடாது, பின்னால் வருகிறவர் பார்க்கட்டும் என்றார். சில சொற்களைப் பாளியிலேயே விட்டுவிட்டு முதல் தரம் வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுப்பது என்றும் முடிவானது.

இந்த வேலையில் எனக்குத் தமிழ் கைகொடுத்தது. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் காரணத் தொடரான பன்னிரண்டு நிதானங்களை அவர்கள் பாளியில் அடுக்கியபோது எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து மணிமேகலையைப் புரட்டினேன். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று அத்தனையும் தமிழில் வரிசையாக இருந்தது. அடுத்த வகுப்பில் அந்தத் தமிழ்ச் சொற்களைச் சிங்களத்தில் விளக்கினேன். லொக்கு ஹாமுதுருவோ வியப்படையவில்லை. சோழநாட்டுப் புத்ததத்தர் பாளியில் எழுதிய நூல்களை அவர் படித்தவர். தமிழில் பௌத்தம் இருந்தது அவருக்குப் பழைய செய்தி. இளையவர்கள்தான் கொப்பியில் குறித்துக்கொண்டார்கள்.

கைபேசி மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளையவர்கள் எல்லோரிடமும் அது இருந்தது. தடுக்கவில்லை. தானே ஒரு தரம் எழுதிய பிறகுதான் கைபேசியைத் திறக்க வேண்டும், வேறுபடும் இடங்களுக்குக் கீழே கோடிட்டு வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒழுங்கு. கைபேசி தரும் ஆங்கிலம் அழகாக இருக்கும். அது சரியா என்று பார்க்கப் பாளி தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் தாங்கள்தான் என்பது அவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

கேள்வி கேட்பவர்கள்

வெளிநாட்டவர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஏன் தலை மழிக்கிறீர்கள், கலியாணம் செய்யலாமா, சம்பளம் உண்டா, எத்தனை வயதில் வந்தீர்கள், தியானம் எப்படிச் செய்வது. இவற்றுக்கு ஐந்தாறு வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகினோம். இதில் சில்மாதாமார் முன்னுக்கு நின்றார்கள். ஆராமைக்கு வரும் பெண்களோடு நாள்தோறும் பேசிப் பழகியவர்கள், எதிரிலிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லைக் குறைக்கத் தெரிந்தவர்கள். இலக்கணம் அவ்வளவு போதாது, ஆனால் கேட்டவர் புரிந்துகொண்டு போவார். எழுத்தில் முதலிடம் பிடித்த பிக்கு பேச்சில் நீண்ட வாக்கியத்துக்குள் மாட்டிக்கொள்வார். சிங்கள 'பண' (உபதேச) உரைகளில் ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றிச் சொல்வது அழகு. அதே சுற்றை ஆங்கிலத்தில் போட்டால் வந்தவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்.

இதைவிட என் மனதில் நிற்பது காரைதீவில் நடந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும். அவர்களோடு பேச மூன்று பிக்குமாரை அழைத்தேன். தாயக சபை ஐயாவும் கூட வந்தார். பிள்ளைகளுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், பிக்குமாருக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஆங்கிலம் இருதரப்புக்கும் இரண்டாவது மொழி. யாருக்கும் அது வீட்டுமொழி இல்லை என்பதால் யாரும் யாரையும் திருத்தவில்லை.

முதலில் ஊர், படிப்பு, உணவு என்று பேச்சுப் போனது. அப்புறம் சைவசமயம் நன்றாகப் படித்த ஒரு பிள்ளை கேட்டாள்: நீங்கள் ஆன்மா இல்லை என்கிறீர்கள், மறுபிறவி உண்டு என்றும் சொல்கிறீர்கள், அப்படியென்றால் மறுபடி பிறப்பது யார்? பதி, பசு, பாசம் படித்த பிள்ளைக்கு இயல்பாக எழும் கேள்வி. பன்சலைக்கு வரும் சுற்றுலாக்காரர் யாரும் இதைக் கேட்டதில்லை.

பதில் சொன்னவர் முன்பு 'ஹூ' வாக்கியங்கள் எழுதிவந்த அந்தப் பிக்கு. மிலிந்த அரசனுக்கு நாகசேன தேரர் சொன்ன விளக்கு உவமை அவருக்குப் பாளியிலேயே தெரியும். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். ஒரு விளக்கு எரிகிறது. அதிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம். முதல் விளக்கிலிருந்து சுடர் எழுந்து அங்கே போனதா? இல்லை. முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரிந்திருக்குமா? அதுவும் இல்லை. அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை. 'நாட் தி சேம், நாட் அனதர்.'

பிள்ளை விடவில்லை. "அப்படியென்றால் வினையை அனுபவிப்பது அநியாயம் இல்லையா?" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்தார். மாங்காய்த் திருடன் கதையையும் மிலிந்தனுக்குச் சொன்னதிலிருந்தே எடுத்தார்: நான் எடுத்த மாங்காய் நீ நட்ட மாங்காய் அல்ல என்று திருடன் சொன்னால் விடுவாயா என்று. இங்கே ஒரு சொல் அவருக்கு வரவில்லை. 'நடுவது' என்பதற்குக் கையால் மண்ணைத் தோண்டிக் காட்டினார். ஒரு முஸ்லிம் பையன் 'ப்ளாண்ட்' என்று எடுத்துக் கொடுத்தான். கதை முடிந்தது. பிள்ளைக்குப் பதில் திருப்தியா என்று கேட்டேன். இல்லை, ஆனால் விளங்கியது என்றாள். ஒரு சமயத்தவர் இன்னொரு சமயத்தவரிடம் கேட்ட கேள்விக்கு இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது என்று எனக்குத் தோன்றியது.

நடக்காதவை

எல்லாம் நடந்துவிடவில்லை. குருவின் உபதேசங்களில் கொஞ்சம்தான் அச்சுக்குப் போகும் நிலைக்கு வந்திருக்கிறது. சிங்கள உபதேசத்தில் சிலேடையும் புத்தரின் முற்பிறப்பைச் சொல்லும் ஜாதகக் கதையும் வரும் இடங்களில் மொழிபெயர்ப்பு இன்னும் வறட்சியாகவே இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் நிறைய வாசித்திருக்க வேண்டும், பன்சலை நூலகத்தில் அதற்கான புத்தகங்கள் குறைவு. இருவர் சங்க உடையைக் களைந்துவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் பட்டப்படிப்புக்காக அனுராதபுரத்திலுள்ள பிக்கு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அது மகிழ்ச்சிதான், ஆனால் சொற்கொப்பியை எழுதிவந்தவர் அவர். ஆள் மாறும்போது வேலை நின்றுபோகாமல் இருக்க, இப்போது கொப்பியை இருவர் சேர்ந்து எழுதுகிறார்கள்.

சில்மாதாமாருக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். பொது வகுப்பில் அவர்கள் பின்னால், ஓரமாக உட்கார வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்கும் முறை பிக்குமாருக்குப் பிறகுதான் வருகிறது. பேச்சில் அவ்வளவு கெட்டிக்காரர்களுக்கு இது நியாயமில்லை என்று நான் லொக்கு ஹாமுதுருவோவிடம் நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆராமையிலேயே வகுப்பு வைக்க அவர்களுடைய மூத்த சில்மாதா இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இருக்கை ஒழுங்கு இவ்வளவு கடினமாக இராது, கொப்பியையும் கையிலேயே கொடுக்கலாம்.

காரைதீவுச் சந்திப்புக்குப் பிறகு சொற்கொப்பியில் ஐந்தாவது நிரல் ஒன்று கேட்டிருக்கிறார்கள், தமிழுக்கு. மணிமேகலைச் சொற்களை அப்படியே போடுவதா, இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கும் சொல்லைப் போடுவதா என்று இன்னும் தீர்மானமாகவில்லை. சைவத்தில் வேறு பொருளில் வழங்கும் சொற்கள் இருக்கின்றன, அவற்றை அந்தக் கேள்வி கேட்ட பிள்ளையையும் கூட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த வஸ் தொடங்குவதற்குள் முதல் ஐம்பது சொல்லையாவது முடித்துவிட வேண்டும் என்று இருவரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.